பூசணம் என்று நான் சொன்ன நான்கு கேசட்டுகள்

தேனி, போடி, கம்பம் பக்கத்து வீடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். டேப் கேமராவில் ஹெட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். இனிமேல் அது யாருக்குப் பயன்படப் போகிறது என்று கேட்டேன்.

"பழைய கல்யாண கேசட்டைப் பூராம் பென்டிரைவுல ஏத்திக் கேக்குறாகக்கா. மெஷின் கெடக்கு. தொடைக்கத்தான் கை நடுங்குது" என்றார் வந்தவர்களில் ஒரு சின்னமனூர்க்காரர்.

ஒரு பக்கத்துக்குத்தான் சம்மதித்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. வேண்டாததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் கோயில் மணியடித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கிற சின்ன ஊர். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் தேனி பஜாரில் ஞானதாஸ் சாரின் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ரேடியோ, டெக், பிறகு வி.சி.ஆர். ஒரு தடவை ஒரு ஹெட்டை உடைத்து மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

ஞானதாஸ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழனிசெட்டிபட்டியிலிருந்து காலை ஒன்பது மணிக்கு சைக்கிளில் வருவார். அரைக்கை வெள்ளைச் சட்டை. வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கேமராவின் வயிற்றைத் திறந்துவிட்டால் பேசமாட்டார், போன் வந்தாலும் எடுக்கமாட்டார். கழற்றிய திருகுகளை ஒரு வெள்ளைத் தாளில் கேமராவின் படம் வரைந்து, எந்தத் திருகு எந்த இடமோ அந்த இடத்திலேயே வைப்பார். அந்தத் தாளை யாராவது நகர்த்தினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அதுவும் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைப்பதோடு சரி.

சுத்தம் செய்கிற முறை இதுதான். கேசட்டு போகிற கதவைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு உருளை கொஞ்சம் சாய்ந்தாற்போல நிற்கும். டிரம் என்போம். அதன் விளிம்பில், கடுகில் பாதிகூட இருக்காது, எதிரெதிரே இரண்டு ஹெட். படத்தை எழுதுவதும் அதுதான், படிப்பதும் அதுதான். ஒரு ஹெட்டில் அழுக்குப் பிடித்தால் படம் பட்டை பட்டையாக உறையும். இரண்டிலும் பிடித்தால் திரையில் ஒன்றுமே வராது. ஆடிக் காற்றில் வருகிற மண்தூசி, பஞ்சு மில் பக்கத்துப் பிசிறு, குமுளிச் சாரலில் நனைந்து வந்த ஈரம், எது வேண்டுமானாலும் போதும்.

காது குடைகிற பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். அதன் இழை ஹெட்டில் மாட்டும். மெல்லிய தோல் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, டிரம்மின் மேல் லேசாக ஒட்டினாற்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோலை அசைக்கக் கூடாது. மற்றக் கையின் விரலால் டிரம்மின் மேல்தட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஒரு தடவை இழுத்தால் போதும், ஹெட் உடைந்துவிடும். ஐந்து சுற்று. தோலில் கறுப்பு படிந்தால் துண்டை மாற்றி இன்னும் ஐந்து. பிறகு கால் மணி நேரம் காய விட வேண்டும். ஈரத்தோடு டேப்பை ஓடவிட்டால் டிரம்மில் ஒட்டிச் சுருண்டுகொள்ளும். அந்தக் கால் மணி நேரம்தான் யாராலும் பொறுக்க முடியாதது.

இதையெல்லாம் செய்கிறதற்கு முன்னால் சாருக்கு ஒரு கேள்வி உண்டு. வேலைச் சீட்டிலேயே அச்சடித்து வைத்திருந்தார். "இந்தக் கேமராவில் பிடித்த கேசட்டு வேறு மெஷினில் ஓடுகிறதா?" பதில் எழுதாமல் கேமராவைத் திறக்க விடமாட்டார்.

ஏன் என்றால், டேப்பைச் சரியான உயரத்தில் டிரம்முக்கு நடத்திக்கொண்டு போகிற இரண்டு சின்னக் கம்பிகள் உள்ளே உண்டு. கைடு என்போம். கேமரா கீழே விழுந்தால் கைடு மயிரிழை நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கேமரா கோணலாக எழுதும். ஆனால் படிக்கும்போதும் அதே கோணலில் படிப்பதால் வைத்திருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நாம் கைடைத் திருகி நேராக்கிவிட்டால் புதிதாக எடுப்பதெல்லாம் நன்றாக வரும். கோணலாக எழுதிய பழைய கேசட்டு மட்டும் அதன் பிறகு எந்த மெஷினிலும் ஓடாது. அதனால்தான் பழைய கேசட்டையும் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

பத்து வருடத்தில் எனக்கு நல்ல பெயர். ஒரு நாள் போடியில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார் ஒருவர். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். படம் பட்டை அடிக்கிறது. துடைத்து, காயவைத்து, ஓட்டிக் காட்டிக் கொடுத்தேன். தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கம்பத்திலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் வருகிறவர்கள் "மேரியக்கா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார்கள். ஆரம்பத்தில் "பொம்பளப்புள்ள கையில கேமராவக் குடுக்கவா?" என்று திரும்பிப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பெயரின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது பின்னால்தான் தெரிந்தது.

சார் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போயிருந்த சமயம். முகூர்த்த மாதம், கடை நிறையக் கேமரா. பொட்டிப்புரத்திலிருந்து முருகேஸ்வரி என்று ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். மஞ்சள் பையில் துண்டு சுற்றி ஒரு கைக்கேமரா.

"வீட்டுக்காரரு துபாய்ல கரண்டு வேல பாத்தாக. அங்கன இருந்து கொண்டாந்ததுக்கா. இப்பப் போட்டா கட்டம் கட்டமா வருது."

"அவர வரச் சொல்லக் கூடாதா?"

"அவுக இல்ல. தை மாசம் போஸ்ட்டுல ஏறயில கரண்டு அடிச்சிருச்சு."

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அச்சடித்த அந்தக் கேள்வியையும்தான். அந்த முகத்தைப் பார்த்து "பழைய கேசட்டு ஓடுதா?" என்று கேட்க வாய் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. வரிசையில் ஆள் நின்றார்கள், நான் அவசரப்பட்டேன்.

ஹெட்டில் நல்ல அழுக்கு. துடைத்தேன், காயவைத்தேன். கடையின் டெஸ்ட் கேசட்டைப் போட்டேன். படம் வந்தது, ஆனால் கீழ்ப்பக்கம் ஒரு பட்டை மட்டும் உடைந்து உடைந்து நின்றது. ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். ஹெட் படிக்கிற சத்து அதன் திரையில் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை இரண்டு முனையிலும் ஒரே உயரம் இருந்தால் கைடு நேர். இதில் ஒரு முனை சரிந்திருந்தது. கேமரா எப்போதோ விழுந்திருக்கிறது. சின்னத் திருகுகோலை எடுத்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். பட்டை பலகை மாதிரி நேராகிவிட்டது. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. சார் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார் என்று நினைத்தேன்.

துடைத்ததோடு நிறுத்தியிருந்தால் முருகேஸ்வரி கேட்டு வந்த வேலை முடிந்திருக்கும். அவர் வீட்டுக் கேசட்டெல்லாம் ஓடியிருக்கும்.

கேமராவை வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இந்த முறை நான்கு கேசட்டும் பையில் இருந்தன.

"அக்கா, முன்னாடியாச்சும் நின்னு நின்னு தெரிஞ்சுச்சு, சத்தமும் விட்டு விட்டு வந்துச்சு. இப்ப ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. இந்தா, இதுலதான் நான் அவுகளப் புடிச்சிருக்கேன். மத்த மூணும் அவுக புடிச்சது, அதுல அவுக இருக்க மாட்டாக."

வாங்கிப் போட்டேன். ஸ்கோப்பில் பட்டை ஒரு பக்கம் ஊசி மாதிரி ஒடுங்கி நின்றது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. கேமரா விழுந்த பிறகு எடுத்த கேசட்டுகள். நான் நேராக்கியதால் போனவை.

வழி இல்லாமல் இல்லை. அந்தக் கேசட்டையே ஓடவிட்டு, பட்டை சீராகிற வரை கைடை மறுபடி கோணலாக்கினால் படம் வந்துவிடும். "தப்பு என்னோடது, வச்சுட்டுப் போங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் கடையில் நாலைந்து வீடியோக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்னக்கா, ரிப்பேருக்குக் குடுத்தப்புறம் கெட்டுப்போச்சாக்கும்?" என்றார்.

"கேமரா நல்லாத்தான் இருக்கு. கேசட்டுல பூசணம் புடிச்சிருச்சு" என்றேன்.

முருகேஸ்வரி என்னைப் பார்த்தார். "நாலுலயுமா?"

"ஒரே எடத்துல வச்சிருந்தா எல்லாத்துலயும் பரவும்."

"பீரோவுலதானக்கா வச்சிருந்தேன்..."

அடுத்த கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் கேசட்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு, பையில் வைத்து, "சரிக்கா, வாரேன்" என்று இறங்கிப் போனார். அன்றைக்குச் சாயங்காலமே ஆள் விட்டிருக்கலாம். சீட்டில் விலாசம் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று பதினொரு நாள் போய்விட்டது.

சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வந்ததும் தான் இல்லாத நாட்களின் வேலைச் சீட்டுகளை வரிசையாகப் படிப்பது அவர் வழக்கம். கண் சரியாகத் தெரியாததால் தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரு சீட்டில் நின்றார்.

"மேரி, இதுல பதில் எழுதலையே?"

பொய் சொல்ல முடியவில்லை. கைடைத் திருகியது, பூசணம் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பொட்டிப்புரத்துக்கு எத்தன மணிக்குப் பஸ்?"

"சார், உங்களுக்குக் கண்ணு..."

"கண்ணு என்கூடத்தான வரும். கெளம்பு."

போடி போய் அங்கிருந்து டவுன் பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூசி படாமல் கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் முருகேஸ்வரி இல்லை. காட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊருக்கு மேற்கே சோளக்காடு. கதிர் முற்றி நின்றது. கிட்டே போகப் போக 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை, வண்டு கூட்டமாகப் பறக்கிற மாதிரி. முதலில் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். காட்டுக்குக் குறுக்கே குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி மெல்லிய கறுப்பு நாடா. வெயிலில் மின்னிக்கொண்டு, காற்றில் அதிர்ந்து சத்தம் போட்டது. கிளியை விரட்ட எல்லாரும் கட்டுகிறதுதான். பாட்டுக் கேசட்டுகளை உருவிக் கட்டுவார்கள். இது பாட்டுக் கேசட்டு நாடா இல்லை என்பது அதன் அகலத்தைப் பார்த்த கணத்தில் தெரிந்தது.

முருகேஸ்வரி வரப்பில் ஓடி வந்தார். "அய்யய்யோ, அக்கா! நீங்க எங்க இங்கன?"

சார் என்னைப் பார்த்தார். நான்தான் பேச வேண்டும் என்று காத்திருந்தார். எனக்கு வந்தது இவ்வளவுதான்: "அந்தக் கேசட்ட இன்னொருக்காப் பாத்துத் தரலாம்னு..."

"பூசணம் புடிச்சதுன்னு சொன்னீகள்ல, வீட்டுல வச்சிருந்தா மனசு கேக்கல. அதான் எங்கண்ணன் ஏதாச்சும் ஒதவட்டும்னு கட்டிட்டாரு. மூணே காடு பூராம் வந்துருச்சு. ஒண்ணு மட்டும் வீட்டுல கெடக்கு."

"எது?" என்றேன்.

"பாப்பாவ அவுக புடிச்சது."

சார் குச்சிப் பக்கம் போய் நாடாவை இரண்டு விரலில் பிடித்து மெல்ல வருடினார். விரலைத் திருப்பிக் காட்டினார். மேல்பூச்சு கறுப்பாக விரலில் வந்திருந்தது. பத்து நாள் பனியும் வெயிலும். "இது இனிமே ஓடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மிச்சமிருந்த கேசட்டையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு முருகேஸ்வரி கடைக்கு வந்தார். கூடவே ஐந்து வயது மகள். கடையை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு சார் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான்தான் திருகினேன். இந்தத் தடவை கோணலாக்குவதற்கு. கால் சுற்றுக்கும் குறைவு. ஊசியாக ஒடுங்கியிருந்த பட்டை விரிந்தது. மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

பம்பு செட்டுத் தொட்டியில் அந்தக் குழந்தை குளித்துக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு ஆணின் குரல். "இங்கன பாரு ஆத்தா. இங்கன. சிரி. ஏலே, கண்ணத் தொறந்துக்கிட்டுச் சிரி." நாற்பது நிமிடம் அப்படியே. குரல் மட்டும். ஒரு இடத்தில் தும்முகிறார், படம் ஆடுகிறது. குழந்தை, திரையில் தன்னைப் பார்த்து, "அப்பா தும்முது" என்றாள். முருகேஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. நல்லவேள, இதுல மட்டும் பூசணம் புடிக்கல."

அப்படியே விட்டிருக்கலாம். சார்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"எதுலயுமே பூசணம் இல்ல, முருகேஸ்வரி. நான் சொன்னது பொய். நான் திருகுனதாலதான் படம் போச்சு. அன்னைக்கே இது மாதிரி நாலையும் எடுத்துக் குடுத்திருக்கலாம். நாலு பேரு முன்னாடி என் தப்புன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு..."

என் கையை விட்டார். கோபப்படவில்லை.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்ல. தானாக் கெட்டுப்போச்சுன்னு இருந்தேன். இப்ப நல்லாருந்தத நானே உருவிக் குடுத்தேன்னுல்ல ஆகிப்போச்சு."

எனக்கு அது வரை அப்படித் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும் என்று பார்த்தேனே தவிர, அது எங்கே போய் இறங்கும் என்று பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன் கேட்டார். "அன்னைக்கு அவுக கேசட்டப் போட்டுப் பாத்தீகள்ல. கடைசியாப் பாத்தது நீங்கதான். ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? போட்டோவுலனா வெறச்சுக்கிட்டு நிப்பாக. அதுலதான் சிரிச்சுக்கிட்டே வெத்தல மடிப்பாக. எந்தச் சட்ட போட்டுருந்தாகன்னு எனக்கு ஞாபகமே வரல. ஒரு துண்டாச்சும் தெரிஞ்சிருக்கும்ல?"

உடைந்து உடைந்து ஏதோ மானிட்டரில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். சட்டையோ, கையோ, நெற்றியோ. நான் ஸ்கோப்பின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் பக்கம் கண் போகவே இல்லை. நீலம் என்றோ வெள்ளை என்றோ சொல்லியிருந்தால் அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். இன்னொரு பொய்க்கு வாய் எழவில்லை.

"பாக்கலம்மா. மெஷினத்தான் பாத்தேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். போடி பஸ் வருகிற வரை சாரும் போய் அவர்களோடு நின்றார். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் வேலை பார்த்தேன். சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். போன வருடம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். முருகேஸ்வரி. தலை நரைத்திருந்தது. மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாளாம். என் முழங்கால் வலியை விசாரித்தார், ஏதோ தைலத்தின் பெயர் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி போனவர் திரும்பி வந்தார்.

"அக்கா, அது பச்சைச் சட்ட. கட்டம் போட்டது. எனக்கு ஞாபகம் வந்துருச்சு. நீங்க அதயே நெனச்சுக்கிட்டு இருக்காதீக."

நிஜமாகவே ஞாபகம் வந்து சொன்னாரா, நான் நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. அதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார்.